அரைக்கதவுக்கு இந்தப் பக்கம்

என் மனைவியின் வாயில் மரத்துப்போக ஊசி போட்டு, பஞ்சு வைத்திருந்த நேரத்தில், அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுக்கு நான் பதில் சொன்னேன். மூன்று நான்கு வாக்கியங்கள் இருக்கும். சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த அரை நிமிடத்தைத்தான் எட்டு வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன். எழுதினால் பாரம் குறையும் என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் செய்த தப்பு எது என்பதே எனக்குப் போன மாதம்தான் முழுசாகத் தெரிந்தது.

முதலில் அவளுடைய பற்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் ஊருக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் கடல்தான் தொழில். நான் ஊருக்குள்ளே சாரம் என்கிற பகுதிக்காரன், அரசு அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் வீட்டில் மீன் என்றால் வஞ்சிரம், அதுவும் துண்டு போட்டது. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு விருந்தில், மாப்பிள்ளைக்கும் மீன் சாப்பிடத் தெரியும் என்று காட்டுகிறேன் பேர்வழி என்று, காரப்பொடி என்கிற பொடிமீன் வறுவலை அப்படியே அள்ளி வாயில் போட்டேன். முள் தொண்டையில் மாட்டிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வழிய, அவர்கள் உருட்டிக் கொடுத்த வெறும் சோற்றுக் கவளங்களை ஒவ்வொன்றாக விழுங்கியதுதான் அந்த விருந்தில் நான் சாப்பிட்ட சாப்பாடு. அன்றிலிருந்து என் தட்டுக்கு வருகிற மீன் அவள் விரல் பட்டு, முள் நீங்கித்தான் வரும்.

நண்டு என்றால் இன்னும் விசேஷம். காலைக் கடைவாயில் வைத்து ஒரே கடி. ஓடு விரிகிற சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும். உள்ளே இருக்கும் சதையைச் சிதையாமல் உருவி என் தட்டில் போட்டுவிட்டு அடுத்த காலை எடுப்பாள். பாக்குவெட்டி, இடுக்கி எதுவும் தேவைப்படாது. அவளுடைய பற்களை நான் ரசித்த அளவுக்கு வேறு எதையும் ரசித்ததில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். என் வயிறு ரசித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாரத்தில் ஆறு நாள் கவிச்சி இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. வெள்ளிக்கிழமை மட்டும் கையால் தொட மாட்டாள். பாவாடை கட்டிய வயதில், அவளுடைய அண்ணன் போன படகு காற்றில் சிக்கி இரண்டு நாள் திரும்பவில்லை. ஊரே கரையில் நின்றிருக்கிறது. அண்ணன் வந்தால் வெள்ளிக்கிழமையை உனக்கு விட்டுவிடுகிறேன் என்று ஊர் அம்மனிடம் சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் காலை அவர் வந்துவிட்டார். அன்று முதல் வெள்ளிக்கிழமைகளில் கவிச்சி கிடையாது, சாயங்காலம் விளக்கு, அம்மன் கோயில். வெளியூர் போனாலும் இதில் மாற்றமில்லை. எனக்கு இதில் உள்ளூர ஒரு சலிப்பு உண்டு, வெள்ளிக்கிழமை மதியம் ரசத்தையும் பொரியலையும் பார்த்து முகம் சுளித்ததுண்டு. ஆனால் வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று சீழ் கட்டி வீங்கியது. முன்பே வேர் சிகிச்சை செய்து தொப்பி போட்ட பல். இனி அதைக் காப்பாற்ற முடியாது, எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். முதலியார்பேட்டையில் அவருடைய கிளினிக். அப்போதே அறுபதைத் தாண்டியவர். வாசலில் இருந்த பழைய போர்டில் தமிழுக்கு மேலே பிரெஞ்சிலும் பல் மருத்துவர் என்று எழுதியிருக்கும். உள்ளே நோயாளி நாற்காலிக்கும் வெளியே நாங்கள் உட்காருகிற பெஞ்சுக்கும் நடுவில் ஒரு மர அரைக்கதவு. பெஞ்சிலிருந்து பார்த்தால் நாற்காலியில் படுத்திருப்பவரின் கால்கள் மட்டும் தெரியும்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வலி தாங்காமல், என்னை அரை நாள் லீவு போட்டு வரச் சொல்லியிருந்தாள். நான் லீவு போட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு எங்கள் குழுவுக்குப் பெத்தாங் இறுதி ஆட்டம். இரும்புக் குண்டை எறிந்து, கீழே கிடக்கும் சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் நிறுத்துகிற ஆட்டம், எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் குழுவில் எறிந்து எதிராளியின் குண்டைத் தள்ளிவிடுகிறவன் நான்தான். குண்டுகள் ஸ்கூட்டர் பெட்டியில் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்து நிமிடத்துக்கொரு தரம் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி நாலே கால்.

ஊசி போட்டுவிட்டு, மரத்துப்போகக் காத்திருக்கும் நேரத்தில் டாக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். பல்லை எடுத்த குழியைச் சும்மா விட்டால், அந்த இடத்துத் தாடை எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஒடுங்கிவிடும் என்றார். பல் இருக்கிற வரைக்கும்தான் எலும்புக்கு அங்கே வேலை. எடுத்த கையோடு குழியில் எலும்புப் பொடி நிரப்பி, மேலே மெல்லிய சவ்வு வைத்துத் தைத்துவிட்டால், எலும்பு அகலம் குறையாமல் பெரும்பாலும் நிற்கும். பிற்பாடு செயற்கைப் பல்லுக்குத் திருகாணி இறக்க அது பிடிமானமாக இருக்கும். பொறுமையாகத்தான் விளக்கினார். கூடுதலாக அரை மணி நேரம் ஆகும், பத்து நாளில் தையல் பிரிக்க வரவேண்டும் என்றும் சொன்னார். எனக்கு அந்த அரை மணி நேரம் மட்டும்தான் காதில் விழுந்தது.

“என்கிட்ட இருக்கறது மாட்டெலும்புல இருந்து செஞ்ச பொடி” என்றார். “சுத்தம் பண்ணினதுதான். ஆனா சிலருக்கு மனசு ஒப்பாது. வேணாம்னா செயற்கைப் பொடி இருக்கு, நாளைக்கு வரவழைச்சுடலாம், பல்லையும் நாளைக்கே எடுப்போம். அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுடலாமா?”

கேட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு என்ன, கதவைத் தள்ளினால் இரண்டு அடி. ஆனால் மாட்டெலும்பு என்ற வார்த்தை எனக்கு வரமாகக் கிடைத்துவிட்டது.

“வேணாம் டாக்டர்” என்றேன். “இன்னிக்கு வெள்ளிக்கிழமை. அவ கவிச்சி வாசனையே சேத்துக்க மாட்டா, சாமிக்கு விட்ட நாளு. மாட்டெலும்புன்னு காதுல விழுந்தாலே எழுந்து போயிடுவா. நீங்க பல்லை மட்டும் எடுத்துடுங்க.”

செயற்கைப் பொடி என்று அவர் மறுபடி ஆரம்பித்தார். அதெல்லாம் வேண்டாம், இதில் அவள் ரொம்ப கண்டிப்பு, நான் சொல்றேன்ல என்றேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு, சாமி விஷயத்தில் தலையிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, சரி என்று உள்ளே போனார். பத்து நிமிடத்தில் பல் வந்துவிட்டது.

அவளை வீட்டில் இறக்கிவிட்டு, மாத்திரையையும் ஐஸ் கட்டியையும் பக்கத்தில் வைத்துவிட்டு, ஐந்து இருபதுக்கு மைதானத்தில் இருந்தேன். அன்றைக்குக் கை அப்படி வாகாக அமைந்தது. நான் எறிந்த குண்டெல்லாம் சொன்ன இடத்தில் போய் இடித்தது. கோப்பை கொடுக்கவில்லை, மரத்தில் செய்த ஷீல்டு. தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் கன்னத்தில் துணியைச் சுற்றி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். ஷீல்டைக் காட்டினேன். பார்த்துத் தலையை ஆட்டினாள். பேச முடியாத நிலை என்று எடுத்துக்கொண்டேன். ஷீல்டு இன்றும் ஷோகேஸில் இருக்கிறது. வாரா வாரம் அவள்தான் துடைத்து வைப்பாள்.

அந்த இடம் ஆறியது. ஆறி, ஒரு வருடத்தில் ஈறு உள்வாங்கிப் பள்ளமானது. அவள் வலப்பக்கத்திலேயே மெல்லப் பழகிக்கொண்டாள். வேறு பல் கட்டிக்கொள்ளலாம் என்று நான் எப்போதாவது சொல்வேன், அழுத்திச் சொல்ல மாட்டேன். அழுத்தினால் டாக்டரிடம் போக வேண்டும், போனால் எலும்பு பற்றிப் பேச்சு வரும். பார்க்கலாம் என்பாள். அந்தப் பார்க்கலாமைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக வருடங்களை ஓட்டினேன்.

இடையில் எனக்கு ஒரு லாபமும் கிடைத்தது. பல் எடுத்துச் சில வாரங்களில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தட்டில் சங்கரா மீன் குழம்பு இருந்தது. என்ன இன்னிக்கு என்றேன். உடம்புக்கு ஆகல, இனிமே வெள்ளிக்கிழமை எல்லாம் பாக்கப் போறதில்ல என்றாள். ஒரு பக்கமாக மென்று மென்று சத்துக் குறைந்துவிட்டது போல, டாக்டர் யாராவது மீன் சாப்பிடச் சொல்லியிருப்பார் என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். மேற்கொண்டு கேட்கவில்லை. வாரத்துக்கு ஒரு ரசம் சாதம் குறைந்ததில் எனக்குச் சந்தோஷம். குழம்பு பிரமாதம் என்று சொல்லி இரண்டாம் தரம் ஊற்றச் சொன்னேன்.

போன வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்டுக் காலைக் கடித்தபோது வேறு மாதிரி ஒரு சத்தம் கேட்டது. ஓடு விரியவில்லை. வலப்பக்கக் கடைவாய்ப் பல் வேர் வரைக்கும் பிளந்துவிட்டது. இரண்டு பக்கத்து வேலையையும் எட்டு வருடம் ஒற்றையாகச் செய்த பல் அது.

பழைய டாக்டர் அதற்குள் கிளினிக்கை மூடியிருந்தார். உழவர்கரைப் பக்கம் புதிதாக ஒரு பெண் டாக்டர் வந்திருக்கிறார், கை மெது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். போனோம். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். தாடையை ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டர் திரையை எங்கள் இருவர் பக்கமும் திருப்பி வைத்து விளக்கினார். வலப்பக்கம் எலும்பு தாராளமாக இருந்தது. இடப்பக்கம் கீழே அகலமாகத் தொடங்கி, மேலே வர வரக் குறுகி, மதில்சுவரின் உச்சி மாதிரி ஒல்லியாக நின்றது. பல் மருத்துவம் படிக்காத எனக்கே பார்த்தவுடன் புரிந்தது. நான் பார்த்ததிலேயே என் குற்றத்துக்கு அவ்வளவு தெளிவான படம் வேறில்லை.

வலப்பக்கம் சுலபம் என்றார் டாக்டர். இடப்பக்கம் திருகாணி இறக்க வேண்டுமென்றால் ஈற்றைக் கீறித் திறந்து, வேறு இடத்திலிருந்து எலும்பு எடுத்து வைத்து அகலப்படுத்தி, பல மாதம் காத்திருந்து, அதற்கப்புறம்தான் முடியும். சர்க்கரை வேறு இருக்கிறது, ஆறுவதற்கு நாளாகும். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். என் மனைவி யோசிக்கவில்லை. அந்தப் பக்கம் போனது போகட்டும் என்றாள்.

பிறகு டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார், பல் எடுத்த அன்று எலும்பைக் காப்பாற்றுவது பற்றி அந்த டாக்டர் எதுவும் சொல்லவில்லையா என்று. கேள்வி அவளைப் பார்த்து வந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை அன்றைக்கு நான் சரியாகப் படிக்கவில்லை.

“ஒண்ணும் சொல்லல மேடம்” என்றேன். “அவரு அந்தக் காலத்து ஆளு. இதெல்லாம் அவருக்குத் தெரிஞ்சிருக்காது.”

சொன்ன உடனே காது சூடானது. சும்மா இருந்திருந்தாலே போதும், சும்மா இருப்பதில் நான் எட்டு வருடம் கைதேர்ந்தவன். ஆனால் வாய் தானாகத் திறந்து, பொறுமையாக நின்று எனக்கு எல்லாவற்றையும் சொன்ன ஒரு மனிதரைத் தெரியாதவர் ஆக்கிவிட்டது. அப்போதெல்லாம் இது இவ்வளவு பரவலாக இல்லை, அவரைக் குறை சொல்ல முடியாது என்று டாக்டர் பெருந்தன்மையாகச் சொன்னார். என் மனைவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு பொய்க்காகவே என்னைச் செருப்பால் அடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

பாவம் செய்தவனை ஊர் சும்மா விடாது. அடுத்த வாரமே, கடற்கரைச் சாலையில் காலை நடைக்குப் போனபோது பழைய டாக்டர் எதிரில் வந்தார். கைத்தடி, தலையில் தொப்பி. என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் ஒரு பொன்ழூர் வணக்கம் சொன்னார், அவளைப் பார்த்துக் கை கூப்பினார். என் மனைவி நின்று, நல்லாருக்கீங்களா டாக்டர், முட்டி வலி தேவலையா என்று விசாரித்தாள். அவளுடைய குரலில் கோபமோ வருத்தமோ இல்லை, மரியாதை மட்டும்தான் இருந்தது. பேச்சை வானிலைக்குத் திருப்பப் பார்த்தேன். அவருக்கோ ஞாபகசக்தி இரும்பு.

“அம்மா இன்னும் வெள்ளிக்கிழமை அதே கண்டிப்புதானா?” என்றார் சிரித்துக்கொண்டே.

“இல்ல டாக்டர். விட்டுட்டேன். எட்டு வருஷமாச்சு.”

அவர் புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்தார். நான் பாறைகளுக்கு அந்தப் பக்கம் அலையைப் பார்த்தேன். நடந்து போகும்போது அவள் ஏதாவது கேட்பாள், அப்போது சொல்லிவிடலாம் என்று தயாராக இருந்தேன். அவள் கீரை வாங்க வேண்டும் என்றாள்.

பிளந்த பல்லை எடுக்கும் நாள் வந்தது. புதிய கிளினிக்கில் கண்ணாடிக் கதவு. டாக்டர் என்னை வெளியே போகச் சொல்லவில்லை, ஊசியும் போடவில்லை. முதலில் கையில் ஒரு சின்னப் பெட்டியுடன் வந்து அவளுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இது மாட்டெலும்பிலிருந்து செய்த பொடி, இது செயற்கை, இரண்டும் வைத்திருக்கிறேன், இரண்டுக்கும் இன்னின்ன வித்தியாசம், உங்களுக்கு எது சம்மதம் என்று அவளிடம் கேட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

“எது நல்லா நிக்குமோ அதை வைங்கம்மா” என்றாள் என் மனைவி. “என்னைக் கேட்டீங்களே, அதுவே பெரிசு.”

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. அவளுக்குத் தெரியுமோ என்று அன்றுதான் முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. வந்த வேகத்தில் அதை அமுக்கிவிட்டேன். தெரிந்திருந்தால் எட்டு வருடம் சும்மா இருப்பாளா என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

டாக்டர் பல்லை உலுக்கிப் பிடுங்கவில்லை. வேர்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றாக, சுற்றியிருக்கும் எலும்பு உடையாமல் நெம்பி எடுத்தார். குழியில் பொடி, மேலே சவ்வு, இரண்டு தையல். நான்கு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது அந்தக் குழி இருந்த இடமே தெரியவில்லை. அகலம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

போன மாதம் திருகாணி இறக்கினார்கள். நான் ஏதோ பெரிய அறுவை சிகிச்சை என்று பயந்து முழு நாள் லீவு போட்டிருந்தேன். ஸ்கேனை வைத்து அவள் பல்வரிசைக்கு ஏற்ற மாதிரி பிளாஸ்டிக்கில் ஓர் அச்சு செய்து வைத்திருந்தார்கள். அதை வாயில் பொருத்தி, அதிலிருந்த துளை வழியாகவே ஈற்றில் வட்டமாகச் சின்னதாக ஒரு துளை. கீறவில்லை, ஈற்றை விலக்கவில்லை. எலும்பு சூடானால் அந்த இடம் செத்துவிடும் என்று தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே மெல்ல மெல்லத் துளைத்தார். தையலே இல்லை. நான் வார இதழில் ஒரு கதையைப் படித்து முடிப்பதற்குள் அவள் எழுந்து கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தாள். வைத்ததோடு முடியவில்லை, திருகாணியைச் சுற்றியிருக்கும் எலும்பைக் காப்பாற்றுவது உங்கள் கையில்தான் என்றார் டாக்டர். சுத்தம் முக்கியம், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வந்து காட்ட வேண்டும், நண்டுக் காலை இனிமேல் பல்லால் உடைக்கக் கூடாது. அவள் அதற்கு மட்டும் கொஞ்சம் முகம் வாடினாள்.

இவ்வளவு எளிதாக முடிந்ததுதான் என்னை உடைத்தது. வலியும் ரத்தமும் வீக்கமுமாக இருந்திருந்தால் ஓடியாடிப் பணிவிடை செய்து என் கடனைத் தீர்த்ததாக நினைத்திருப்பேன். அரை மணி நேரம். அன்றைக்கும் அரை மணி நேரம்தான் கேட்டார்கள்.

சில்லென்று ஏதாவது சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வழியில் ஒரு ஐஸ்கிரீம் கடையில் உட்கார்ந்தோம். பகல் பதினொன்றரை மணி, கடையில் வேறு யாருமில்லை. அவள் வலப்பக்க உதடு மரத்துத் தொங்கியது. ஸ்பூன் உதட்டில் இடித்ததுகூடத் தெரியாமல் வழியவிட்டு, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். அரைக்கதவு, பொடி, டாக்டர் அவளைக் கேட்கலாமா என்று கேட்டது, நான் வெள்ளிக்கிழமையைச் சொன்னது, ஐந்தரை மணி ஆட்டம், அப்புறம் புதிய டாக்டரிடம் பழையவரைப் பற்றிச் சொன்ன பொய், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஐஸ்கிரீமைத் தள்ளி வைக்கவில்லை.

“தெரியும்” என்றாள். உதடு மரத்ததால் வார்த்தை குழறியது. “ஊசி போட்டது வாய்க்குத்தானே. காது நல்லாத்தான் இருந்துச்சு. எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் படுத்திருந்தேன்.”

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“வாய் நிறையப் பஞ்சு. கையைத் தூக்கினேன். நான் பயப்படறேன்னு நெனச்சு, நர்ஸுப் பொண்ணு, ஒண்ணுமில்லம்மான்னு கையைப் புடிச்சுக் கீழ வச்சுடுச்சு.”

பெஞ்சிலிருந்து பார்த்தால் அவள் கால்கள் மட்டும்தான் தெரியும் என்று சொன்னேன் அல்லவா. அந்தக் கை எனக்குத் தெரியவில்லை. இப்போது தினமும் தெரிகிறது.

அவளே சொன்னாள், நிறுத்தி நிறுத்தி. வீட்டுக்கு வந்து நானாகச் சொல்வேன் என்று பார்த்திருக்கிறாள். நான் ஷீல்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பல் போனதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

“அந்த வெள்ளிக்கிழமை எங்க அண்ணன் உசுருக்கு நான் அம்மன்கிட்ட குடுத்தது. அதை எடுத்து நீங்க ஆட்டத்துக்குப் போறதுக்குச் சாக்கா வச்சீங்க. அடுத்த வாரம் வெளக்கேத்திட்டு நிக்கிறேன், உங்க கொரல்தான் கேக்குது, அவ கண்டிப்பு, நான் சொல்றேன்லன்னு. மனசு ஒட்டல. நாலு வாரம் பாத்தேன். சாமி முன்னாடி பொய்யா நிக்க வேணாம்னு விட்டுட்டேன்.”

எட்டு வருட வெள்ளிக்கிழமைக் குழம்பு எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்த மாதிரி இருந்தது. பிரமாதம் என்று சொல்லி இரண்டாம் தரம் ஊற்றச் சொன்னேனே, அது. தாடை எலும்பு கரைந்ததுதான் என் குற்றம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் சரி என்றாள். என் ஐஸ்கிரீம் உருகிவிட்டது, அதையும் அவளே எடுத்துச் சாப்பிட்டாள்.

இரண்டு நாள் கழித்து, அவளிடம் சொல்லாமல், பழைய டாக்டர் வீட்டுக்குப் போனேன். முதலியார்பேட்டையில் அதே தெருதான், கிளினிக் இருந்த முன்னறையில் இப்போது பேரக்குழந்தைகளின் சைக்கிள்கள் நிற்கின்றன. உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், புதிய டாக்டரிடம் அவரைத் தெரியாதவர் என்று சொன்னதையும் சேர்த்து. தப்பு உங்களுடையது மட்டுமில்லை என்றார் அவர். ரெண்டு அடிதான், கதவைத் தள்ளிக்கொண்டு போய் அம்மாவைக் கேட்டிருக்க வேண்டும், அந்தக் காலத்தில் வீட்டுக்காரரைக் கேட்டால் போதும் என்றே பழகிவிட்டோம் என்று வருத்தப்பட்டார். டீ வந்தது. பழைய பெத்தாங் ஆட்டங்களைப் பற்றிக்கூடக் கொஞ்சம் பேசினோம். விடைபெறும்போது என் தோளைத் தட்டினார். தெருவில் இறங்கி நடந்தபோது உடம்பே லேசாக இருந்தது. நெடுநாளைக்குப் பிறகு நன்றாக மூச்சு விட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தச் சந்தோஷத்தோடு நேராக அடுப்படிக்குப் போய் அவளிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னது, அவர் தன் தப்பையும் ஒப்புக்கொண்டது, இருவரும் மனம்விட்டுப் பேசியது, எல்லாவற்றையும் கேட்டாள்.

“நான் கையைத் தூக்கினதைச் சொன்னீங்களா?”

சொல்லவில்லை. எப்படி விட்டுப்போனது என்று எனக்கே புரியவில்லை. என் ஆட்டம், என் பொய், என் வருத்தம் என்று வரிசையாகச் சொன்னதில் அது மட்டும் வாயிலேயே வரவில்லை. இல்லை என்றேன்.

அவள் மீனிலிருந்து கையை எடுக்காமல், குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“இந்தத் தடவையும் ரெண்டு பேரும் என்னை வெளிய வச்சே பேசி முடிச்சுட்டீங்க.”

மதியம் சோறு போட்டாள். தட்டில் காரப்பொடி முழுசாக, முள்ளோடு இருந்தது. ஒவ்வொரு மீனாகப் பிரித்து, முள்ளை நானே எடுத்துச் சாப்பிட்டேன். முடிக்க வெகு நேரம் ஆனது. அவள் எதிரிலேயே உட்கார்ந்து, இன்னும் ஆறாத பக்கத்தை விட்டுவிட்டு, ஒல்லியாகிப்போன இடப்பக்கத்தில் மெதுவாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.